ஆட்டுப்பட்டிக்கு ஏற்ற காவல் நாய்: தேர்வும் வளர்ப்பும்

காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம், குண்டடம் பகுதிகளில் மழையை நம்பிய கொறங்காடுகளே ஆடு வளர்ப்புக்கு ஆதாரமாக இருக்கின்றன. முள்கிளுவை வேலி சூழ்ந்த இந்த மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருப்பதால், கிணற்றுத் தண்ணீர் இல்லாத விவசாயியும் பத்து இருபது செம்மறி ஆடுகளை வைத்துக் காலம் தள்ள முடிகிறது. காலையில் படலைத் திறந்து ஆடுகளை உள்ளே விட்டால் மாலை வரை அவை தாமாக மேயும்.

முன்பு ஆடுகளோடு காட்டில் ஒரு ஆளும் இருப்பார். வீட்டுப் பெரியவரோ, பள்ளிப் படிப்பை முடித்த பையனோ கோலை ஊன்றிக்கொண்டு நிற்பது வழக்கம். இன்று விடிந்ததும் பனியன் கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து விடுகிறது. வீட்டில் உள்ள இளைஞர்களும் பெண்களும் திருப்பூருக்கோ, அருகில் உள்ள நூற்பாலைக்கோ வேலைக்குப் போய் விடுகிறார்கள். வாரச் சம்பளம் வருவதால் இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆடுகள் பகலில் ஆளில்லாமல் மேய்கின்றன. இரவிலும் பட்டிக்கும் குடியிருக்கும் சாளைக்கும் இடையே தூரம் இருக்கிறது.

இந்த நிலையில்தான் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது இப்பகுதியில் பெரிய தொல்லையாக வளர்ந்துள்ளது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதை வாசகர்கள் அறிவார்கள். நாய்க் கூட்டம் பசிக்காக மட்டும் கொல்வதில்லை. ஆடு மிரண்டு ஓட ஓட நாய்க்குத் துரத்தும் வெறி ஏறுகிறது. ஒன்றைக் கடித்துப் போட்டு விட்டு அடுத்ததைத் துரத்தும். தின்பது ஒன்றாக இருந்தாலும் சாவது பத்தாக இருக்கும். கடிபடாத ஆடுகளும் பட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாவதுண்டு. சினை ஆடுகள் கன்று வீசி விடும்.

"நல்ல நாய் ஒன்று வாங்கி விட்டால் போதுமா? எந்த ஜாதி நாய் வாங்கலாம்?" என்பதே பலரும் கேட்கும் கேள்வி. ஜாதியைவிட வளர்ப்பே முக்கியம் என்பதுதான் இதற்குப் பதில். அதற்கான காரணத்தையும் வளர்க்கும் முறையையும் இங்கே பார்க்கலாம்.

மேய்ப்பு நாய் வேறு, காவல் நாய் வேறு

ஆட்டு மந்தையோடு வேலை செய்யும் நாய்களில் இரண்டு வகை உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் பணத்தைச் செலவழித்து ஏமாறுபவர்கள் பலர்.

முதல் வகை மேய்ப்பு நாய். இது ஆடுகளை ஓட்டிச் சேர்க்கும், திருப்பும், பிரிக்கும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் உருவான பார்டர் காலி, ஆஸ்திரேலியாவின் கெல்பி, ஜெர்மன் ஷெப்பர்டு எனப்படும் அல்சேஷன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பார்டர் காலி உடலைத் தாழ்த்திக்கொண்டு, ஆட்டை வைத்த கண் வாங்காமல் பார்த்தே நகர்த்தி விடும். உண்மையில் இது வேட்டைக் குணத்தின் ஒரு பகுதி. பதுங்குவது, முறைத்துப் பார்ப்பது, துரத்துவது வரை மட்டும் நிறுத்தி, கடித்துக் கொல்லும் குணம் தலைதூக்காதபடி பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். மேய்ப்பவர் விசில் கொடுத்தும் குரல் கொடுத்தும் அருகில் இருந்து ஏவினால்தான் இந்த நாய் வேலை செய்யும்.

வேலியில்லாத மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான ஆடுகளைத் திரட்டுபவருக்கு இந்த நாய் வேண்டும். வேலி போட்ட கொறங்காட்டில் அதற்கு வேலை இல்லை. வேலையில்லாத மேய்ப்பு நாய் சும்மா இராது. ஆடு, கோழி, மோட்டார் சைக்கிள் என்று எதையாவது துரத்திக் கொண்டே இருக்கும். ஓயாமல் துரத்தப்படும் ஆடு மேய்ச்சல் எடுக்காது, உடல் தேறாது. அடர்ந்த இரட்டை ரோமம் உள்ள இந்த நாய்கள் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் படும் பாடும் அதிகம். அல்சேஷன் நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பும் உண்டு.

இரண்டாவது வகை பட்டிக் காவல் நாய். இது ஆடுகளை ஓட்டாது. ஆடுகளோடு ஆடாக இருந்து, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். இத்தாலியின் மரேம்மா, துருக்கியின் கங்கால், நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்துக் கத்தி இடையர்கள் வளர்க்கும் கத்தி நாய், ஜம்மு காஷ்மீர் மேய்ச்சல்காரர்களின் பக்கர்வால் நாய் ஆகியவை இவ்வகை. சிறுத்தையோ ஓநாயோ கழுத்தைக் கவ்வாதபடி மலை இடையர்கள் இவற்றின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவார்கள். ஆள் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும் நாய் இதுதான். நமக்குத் தேவையானதும் இந்தக் குணமே. ஆனால் குளிர் மலையில் வளர்ந்த அந்த ரோம நாய்களை இங்கே கொண்டு வந்தால் வெப்பம் தாங்காது.

தமிழ்நாட்டு இனங்கள் எப்படி?

தமிழ்நாட்டு நாய் இனங்களில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நான்கும் பெயர் பெற்றவை. ராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு தபால்தலையே வெளியிடப்பட்டது. இவற்றின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் ஆட்டுப்பட்டிக்கு வாங்கும்போது ஒவ்வொன்றின் குணத்தையும் அறிந்து வாங்க வேண்டும்.

சிப்பிப்பாறை: ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் கொண்ட ஓட்ட நாய். முயல் வேட்டைக்காகவே உருவானது. கண்ணுக்கு முன் எது ஓடினாலும் துரத்தும். துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டியும் அதன் கண்ணுக்கு முயலாகத் தெரியலாம். மயில் நிறைந்த நம் காடுகளில் இதை அவிழ்த்து விட்டால் வனச் சட்டத்தின் வம்பும் வந்து சேரும்.

கன்னி: கருப்பு உடலில் பழுப்பு அடையாளம் உள்ளது. இதுவும் ஓட்ட நாயே. எசமானரிடம் மிகுந்த பாசம் காட்டும், கூச்ச குணம் உள்ளது. நாய்க் கூட்டத்தை எதிர்த்து நிற்கும் காவலுக்கு ஏற்றதல்ல.

ராஜபாளையம்: வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நல்ல உயரம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சிறந்த காவல். ஒருவரையே எசமானராக ஏற்கும். வெள்ளை நாய்களில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் இருப்பதால் குட்டி வாங்கும்போது சோதித்துப் பார்க்க வேண்டும். சொறி போன்ற தோல் நோய்க்கும் கவனம் தேவை.

கோம்பை: தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கியது. செம்பழுப்பு உடல், கருத்த மூஞ்சி, கட்டுமஸ்தான தேகம். பன்றி வேட்டைக்குப் பேர் போனது. நான்கிலும் எதிர்த்து நிற்கும் துணிவு இதற்கு அதிகம். ஆனால் முரட்டுக் குணமும் உண்டு. பழக்கத் தெரியாதவர் கையில் கிடைத்தால் விருந்தாளிக்கும் ஆபத்து, ஆட்டுக்கும் ஆபத்து.

ஆக, இந்த நான்கும் வேட்டைக்கோ வீட்டுக் காவலுக்கோ உருவானவை. இவற்றிலிருந்து நல்ல பட்டி நாய் வரவே வராது என்பதில்லை. ஆனால் இனத்தின் பெயரை மட்டும் நம்பி, வளர்ந்த நாயை வாங்கி வந்து பட்டியில் அவிழ்த்து விட்டால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகி விடும்.

நாட்டு நாயே போதும்

அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட நிலத்தில் வாழும் நவஹோ பழங்குடி மக்கள் ஆடு வளர்ப்பவர்கள். அவர்களுடைய ஆடுகளைக் காப்பவை எந்த ஜாதியும் இல்லாத கலப்பு நாய்கள். 1980களில் ஆய்வாளர்கள் இதைக் கவனித்துப் பார்த்தபோது, அந்த மக்கள் நாய்க்குட்டியைச் சிறு வயதிலேயே ஆட்டுப்பட்டியில் விட்டு ஆடுகளோடு வளர்ப்பதே இரகசியம் என்று தெரிந்தது.

அதே நாட்டில் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதியர் 1970களின் பிற்பகுதி முதல் ஐரோப்பா, துருக்கி நாடுகளின் காவல் நாய்களைத் தருவித்து விவசாயிகளிடம் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தனர். நாய்க்குட்டி பிறந்த முதல் நான்கு மாதங்களுக்குள் யாரோடு பழகுகிறதோ, அவர்களையே தன் கூட்டமாக எண்ணுகிறது என்பது அவர்கள் வலியுறுத்திய பாடம். அந்தப் பருவத்தில் ஆட்டோடு இருந்த குட்டிக்கு ஆடே சொந்தம். அந்தப் பருவம் கடந்த பிறகு எவ்வளவு உயர்ந்த ஜாதி நாயானாலும் அந்தப் பிணைப்பை உண்டாக்குவது கடினம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம் முன்னோர் சொன்னது நாய்க்கும் பொருந்துகிறது.

நம் ஊர் நாட்டு நாய் குட்டை ரோமம் உடையது, வெயில் தாங்கும், குறைந்த தீனியில் வாழும், நோய்க்கு எளிதில் மடியாது. ஏற்கெனவே ஒரு பட்டியில் ஆடுகளோடு ஒழுங்காக இருக்கும் தாய் நாயின் குட்டி கிடைத்தால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் குட்டியைவிட அதுவே மேலானது.

நல்ல பட்டி நாய்க்கு மூன்று குணங்கள் வேண்டும்.

1. ஆட்டின்மேல் கவனம். ஆடு நகர்ந்தால் தானும் நகர வேண்டும். வீட்டு வாசலில் வந்து படுக்கும் நாய் பட்டிக்கு ஆகாது.

2. நம்பிக்கை. ஆட்டைக் கடிக்கவோ துரத்தவோ கூடாது. தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி ஆட்டின் அருகே போகும் நாய் நல்ல நாய்.

3. காவல் உணர்வு. அன்னிய நாயோ ஆளோ வந்தால் குரைத்து, ஆட்டுக்கும் எதிரிக்கும் இடையே போய் நிற்க வேண்டும். கடித்துக் குதற வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிந்தாலே வந்தது திரும்பி விடும்.

இம்மூன்றில் முதல் இரண்டு இல்லாமல் மூன்றாவது மட்டும் உள்ள நாயை ஆட்டோடு விடக் கூடாது.

குட்டி எடுத்தல்

குட்டியை ஆறு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. ஏழு முதல் எட்டு வாரத்தில் எடுத்து நேராகப் பட்டிக்குக் கொண்டு வருவது சரியான காலம்.

ஈற்றிலேயே மிகவும் துடுக்கான குட்டியும் வேண்டாம், ஆளைக் கண்டு மூலையில் ஒடுங்கும் குட்டியும் வேண்டாம். அமைதியாக அருகில் வந்து முகர்ந்து பார்க்கும் குட்டியே நல்லது. பின்னால் நின்று கை தட்டிக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் பீளை, உப்பிய வயிறு, ரோமம் உதிர்ந்த திட்டுகள் இல்லாமல் இருக்க வேண்டும். ஆணா பெட்டையா என்பதில் வேலைத் திறனில் வேறுபாடு இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு குட்டிகளை எடுக்கும் ஆசை வரும். அது தவறு. இரண்டும் ஒன்றோடொன்று பழகி ஆட்டை மறந்து விடும். முதல் நாய் வளர்ந்து பொறுப்பாக இருக்கத் தொடங்கிய பின் இரண்டாவது குட்டியை எடுத்தால், மூத்ததைப் பார்த்தே இளையது பாதி வேலையைக் கற்றுக்கொள்ளும்.

பட்டியில் பழக்கும் முறை

பட்டியின் ஒரு மூலையில் தடுப்பு வைத்து, குட்டிக்கு நிழலும் சாக்குப் படுக்கையும் தண்ணீரும் வைக்க வேண்டும். தடுப்பில் குட்டி நுழையும் அளவுக்கு மட்டும் சந்து இருக்கட்டும். ஆடு முட்ட வந்தால் குட்டி உள்ளே ஓடிக்கொள்ளலாம். அதன் தீனியை ஆடு தின்னாமலும் இருக்கும்.

முதல் சில வாரங்களுக்குப் பால் மறந்த மூன்று நான்கு ஆட்டுக்குட்டிகளையும் சாதுவான ஒரு பெரிய ஆட்டையும் அதற்குத் துணையாக விடலாம். அண்மையில் ஈன்ற தாய் ஆட்டை அருகில் விட வேண்டாம். தன் குட்டியைக் காக்க அது முட்டும் முட்டில் நாய்க்குட்டி மிரண்டு, பிறகு ஆடு என்றாலே ஒதுங்கத் தொடங்கும்.

தீனி, தண்ணீர், படுக்கை எல்லாம் பட்டியிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்கு அழைத்து வந்து சோறு போட்டு, குழந்தைகள் தூக்கி விளையாடினால் அது வீட்டு நாயாகி விடும். அதற்காக மனிதர் கையே படாமல் வளர்ப்பதும் கூடாது. தினமும் இருமுறை நீங்கள் போய்ப் பெயர் சொல்லி அழைத்து, தடவிக் கொடுத்து, வாய், காது, பாதம் பார்த்து, கயிற்றில் சிறிது தூரம் நடத்திப் பழக்க வேண்டும். பிடிக்க வராத நாய்க்குத் தடுப்பூசியும் போட முடியாது, புண்ணுக்கு மருந்தும் வைக்க முடியாது. "வா", "நில்", "விடு" ஆகிய மூன்று சொற்களுக்கு அது அடங்கினால் போதும்.

நான்காம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை விளையாட்டுப் பருவம். பலருடைய நாய் கெடுவது இந்தப் பருவத்தில்தான். ஆட்டின் காதைக் கவ்வும், வாலை இழுக்கும், குட்டியைத் துரத்தும். "விளையாடுகிறது" என்று சிரித்துக் கொண்டு விட்டு விடக் கூடாது. பார்த்த அந்த நொடியே "விடு" என்று அதட்டி, கயிற்றில் பிடித்துத் தடுப்புக்குள் விட வேண்டும். மறுநாள் சிறு குட்டிகளை விலக்கி, பெரிய ஆடுகளோடும் ஒரு கிடாவோடும் விட்டால் அவை முட்டியே பாடம் கற்பிக்கும். நேரம் கழித்து அடிப்பதால் பயன் இல்லை. எதற்காக அடி என்று நாய்க்குத் தெரியாது. உங்களைக் கண்டால் ஓடக் கற்றுக் கொள்வதே மிச்சம்.

ஒன்றரை வயது நிறையும் வரை முழுப் பொறுப்பையும் நாயிடம் ஒப்படைக்க வேண்டாம். ஒரு வயது நாய் பார்க்கப் பெரிதாக இருக்கும், மனத்தில் குட்டியாகவே இருக்கும். எவ்வளவு திருத்தியும் ஆட்டைக் கடிக்கும் பழக்கம் போகாத நாயைப் பட்டியில் வைத்திருக்கக் கூடாது. வீட்டுக் காவலுக்கு மாற்றி விட வேண்டும்.

தீனி

பட்டி நாய் இரவெல்லாம் விழித்திருந்து வேலை செய்கிறது. மிஞ்சிய குழம்புச் சோறு மட்டும் போட்டால் அது பசியோடு ஊரைச் சுற்றப் போய் விடும். வயிறு நிறைந்த நாயே பட்டியில் தங்கும்.

இரண்டு முதல் நான்கு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு முறையும், ஆறு மாதம் வரை மூன்று முறையும், அதன் பின் இரண்டு முறையும் தீனி கொடுக்க வேண்டும். கம்பு, ராகி, சோளம், அரிசி இவற்றில் ஒன்றைக் குழைய வேகவைத்து, அதில் வெந்த பருப்பு, மோர் அல்லது தயிர், முட்டை, வேகவைத்த இறைச்சித் துணுக்குகள் இவற்றில் கிடைப்பதைச் சேர்க்கலாம். தானியம் மட்டும் போட்டால் வயிறு நிறையுமே தவிர உடல் வளராது. பருப்போ முட்டையோ இறைச்சியோ தினமும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். வெங்காயம் மிகுந்த குழம்பு, காரம், சாக்லேட், வெந்த கோழி எலும்பு ஆகியவை கூடாது. வெந்த எலும்பு ஊசியாக முறிந்து குடலைக் கிழிக்கும்.

கோடையில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வெள்வேல மர நிழலில் மண்தொட்டியைப் பாதி புதைத்து வைத்தால் தண்ணீர் சூடேறாது.

ஆட்டுத் தலை, குடல், நஞ்சுக்கொடி: எச்சரிக்கை

ஆடு வளர்ப்போர் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது. சில ஆடுகள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் விழுந்து சாவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஒரு காரணம் நாயின் குடலில் வாழும் நாடாப்புழு. நாயின் சாணத்தில் புழுவின் முட்டை வெளியேறிப் புல்லில் ஒட்டுகிறது. அந்தப் புல்லை மேயும் ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்த ஆட்டின் தலையை நாய் தின்றால் மீண்டும் நாயின் குடலில் புழுவாகிறது. இன்னொரு வகை நாடாப்புழு ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்கும். மனிதருக்கும் அதே கட்டிகள் வரலாம்.

இந்தச் சுழற்சியை அறுப்பது நம் கையில் இருக்கிறது. ஆட்டுத் தலை, குடல், ஈரல் போன்றவற்றை நாய்க்குப் பச்சையாகப் போடக் கூடாது. செத்த ஆட்டையும், குட்டி போட்டபின் விழும் நஞ்சுக்கொடியையும் உடனே ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பச்சை ஆட்டு இறைச்சியின் ருசி கண்ட நாய் பட்டிக்கும் ஆபத்து.

குட்டி நாய்க்குப் பிறந்த இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். பட்டி நாய்க்குக் கொடுக்கும் மருந்தில் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டல் சேர்ந்திருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லி வாங்குங்கள். மருந்து கொடுத்த பின் இரண்டு நாள் நாயைத் தனியே கட்டி வைத்து, அதன் சாணத்தைப் புதைத்து விட வேண்டும்.

தடுப்பூசியும் உடல் நலமும்

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, நான்கு மாதம் வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசியும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் தவறாமல் போட வேண்டும். தெருநாய்களோடு மோதக் கூடிய நாய்க்கு இது கட்டாயம். ஆண்டுதோறும் ஜூலை 6ஆம் நாளை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுவது வழக்கம்.

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் பிடித்தால் வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை நாயின்மேல் ஊற்றாதீர்கள். நாய் அதை நக்கிச் சாகும். மருத்துவர் தரும் மருந்தையே பயன்படுத்தி, படுக்கைச் சாக்கையும் மாற்ற வேண்டும். நாய் தீனி எடுக்காமல், ஈறு வெளிறிக் காணப்பட்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தாமதம் கூடாது. வாரம் ஒரு முறை பாத விரல்களுக்கு இடையிலும் காதிலும் முள்ளும் புல் கதிரும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். அந்த மூன்று வாரமும் சுற்று வட்டாரத்து ஆண் நாய்கள் எல்லாம் பட்டியைச் சுற்றி நிற்கும். காவலுக்கு வைத்த நாயே எதிரியை அழைத்து வந்த கதையாகும். ஆண் நாயோ பெட்டையைத் தேடிக் காதக் கணக்கில் போய் விடும். ஆகவே குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாதவர்கள் ஆண், பெட்டை இரண்டுக்கும் கருத்தடை அறுவை செய்து விடுவது நல்லது. இதனால் காவல் குணம் குறைந்து விடாது.

நாய் மட்டும் போதாது

ஐந்தாறு நாய்கள் கூட்டமாக வந்தால் ஒற்றை நாய் என்ன செய்யும்? குரைத்து உங்களை எழுப்பும், சிறிது நேரம் தாக்குப் பிடிக்கும். சங்கிலியில் கட்டிய நாயோ தன்னையும் காத்துக்கொள்ள முடியாமல் மடியும். எனவே இரவில் நாயைப் பட்டிக்குள் அவிழ்த்தே விட வேண்டும். கழுத்துக்கு அகலமான தோல் பட்டை போடலாம்.

இரவுப் பட்டிக்கு ஐந்து அடிக்குக் குறையாத கம்பி வலை அடித்து, அடிப்பகுதியை ஒரு அடி மண்ணில் புதைக்க வேண்டும். நாய்கள் தாண்டுவதைவிடத் தோண்டி நுழைவதே அதிகம். புதைக்க முடியாத இடத்தில் வலை ஓரமாகக் கற்களை நெருக்கமாக அடுக்கலாம். படலின் கீழ்ச் சந்தை அடைக்க வேண்டும். கிளுவை வேலியில் செடி பட்டுப்போன இடைவெளிகளில் மழைக் காலத்தில் புதுப் போத்து நட்டு, அது வளரும் வரை முள் வெட்டிப் போட வேண்டும். ஓரிரு ஆடுகளுக்கு மணி கட்டினால் கலவரம் உடனே காதில் விழும்.

தெருநாய்க் கூட்டம் பெருகுவதற்கு இறைச்சிக் கடை, கோழிக் கடைக் கழிவுகளைச் சாலையோரம் கொட்டுவதும் ஒரு காரணம். ஊராட்சியில் புகார் எழுதிக் கொடுங்கள். 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்ய வேண்டிய பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளுடையது. ஆத்திரத்தில் விஷம் வைப்பது குற்றம். அந்த விஷம் உங்கள் பட்டி நாயையும், மயிலையும், பக்கத்துத் தோட்டத்துக் கோழியையும் சேர்த்தே கொல்லும்.

ஆடு கடிபட்டு விட்டால்

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கழுவுபவர் கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். கடிபட்ட ஆட்டைத் தனியே நிழலில் கட்டி, அன்றே மருத்துவரை அழைத்துக் காயத்துக்கு மருந்தும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். வெளிக்காயம் சிறிதாக இருந்தாலும் உள்ளே தசை கிழிந்திருக்கும். மறுநாள் வரை காத்திருந்தால் சீழ் பிடித்துச் செத்து விடும். கடிபட்டு இறந்த ஆட்டின் இறைச்சியைத் தின்னவோ விற்கவோ கூடாது. ஆட்களைக் கடித்திருந்தால் கால் மணி நேரம் சோப்பால் கழுவி உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இறந்த ஆடுகளை உடனே புதைத்து விடாதீர்கள். புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் கொடுத்து, பிரேதப் பரிசோதனைச் சான்று பெற்ற பிறகே சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். இழப்பீடு கேட்பதற்கு அந்தச் சான்றுதான் ஆதாரம்.

செலவும் பயனும்

நாய்க்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் தீனி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 14,600 ரூபாய் ஆகும். தடுப்பூசியும் மருந்தும் சேர்த்து 17,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு ஆட்டின் விலை 8,000 ரூபாய் என்றால், ஆண்டில் மூன்று ஆடுகளைக் காப்பாற்றினாலே நாய் தன் செலவை ஈடு கட்டி விடும். ஐந்து ஆடு மட்டும் வைத்திருப்பவருக்குத் தனி நாய் கட்டுப்படியாகாது. அவர் வலைப் பட்டிக்குச் செலவழிப்பதே முறை. பக்கத்துக் காட்டுக்காரரோடு சேர்ந்து இரவில் ஒரே பட்டியாக அடைத்து, நாயின் செலவைப் பகிர்ந்து கொள்ளலாம்.

குட்டியை இன்று எடுத்தாலும் அது பட்டிக்குப் பொறுப்பாக ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை வலையும் படலும் உங்கள் கவனமுமே காவல். அடுத்த முறை பக்கத்துப் பட்டியில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டால், நிறத்தையும் ஜாதியையும் விசாரிக்காமல், அதன் தாய் ஆடுகளோடு எப்படி இருக்கிறது என்று ஒரு மாலைப் பொழுது போய்ப் பாருங்கள். குடற்புழு மருந்து, தடுப்பூசி, கருத்தடை பற்றிய விவரங்களுக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை அணுகிப் பயன் பெறலாம்.